நிலப்படங்களின் முரணும் ஊரின் வரலாறும்: டூம்ஸ்டோன் சுரங்கக் குடியிருப்பை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்காவின் அரிசோனாப் பகுதியில் 1879இல் உருவான டூம்ஸ்டோன் என்னும் வெள்ளிச் சுரங்கக் குடியிருப்பு வளர்ந்ததையும் தேய்ந்ததையும் இடையில் சிறிது காலம் மீண்டும் தளிர்த்ததையும் அதன் பழைய நிலப்படங்கள்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. மனைப்பிரிவுப் படம், சுரங்க உரிமைப் படம், தீக்காப்பீட்டுப் படம் ஆகிய மூன்றும் மூவேறு நலன்களைக் காக்க வரையப்பட்டவை. அவற்றைக் கால வரிசையில் அடுக்கி, காணும் வேறுபாடுகளையெல்லாம் ஊரின் மாற்றங்களாகக் கொள்வது பிழைக்கு இடந்தரும். படங்கள் தம்முள் முரணும் இடங்களும் அவை அனைத்தும் ஒருசேர விடுக்கும் இடங்களுமே வரலாற்றை அணுகுவதற்கு ஏற்ற வாயில்கள் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: நிலப்படம், ஊர் வரலாறு, சுரங்கக் குடியிருப்பு, தீக்காப்பீட்டுப் படம், பாலை, இடப்பெயர், டூம்ஸ்டோன்.

முன்னுரை

ஊர் வரலாற்று ஆய்வில் எல்லை குறிக்கும் சான்றுகளைப் படிப்பது தமிழாய்வாளர்க்குப் புதிதன்று. பிடியானையை நடத்தி எல்லை வகுத்து, கல்லும் கள்ளியும் நட்டுக் கொடுத்த நிலங்களைப் பற்றிய சோழர் செப்பேடுகள் உண்மையில் சொல்லால் வரைந்த நிலப்படங்களே. அவற்றைப் படிப்போர், எல்லையைச் சொன்னவர் யார், எதற்காகச் சொன்னார் என்று கேட்காமல் மேற்செல்வதில்லை. ஆனால் தாளில் அளவுகோலுடன் அச்சிடப்பட்ட நிலப்படம் கையில் கிடைத்தவுடன் அக்கேள்வியை மறந்துவிடும் போக்கு ஆய்வுலகில் காணப்படுகிறது. கோடுகளின் துல்லியம் கருத்தின் நடுநிலைமைக்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. இவ்வெண்ணத்தைச் சோதிக்கப் பாலைநிலச் சுரங்க ஊர்கள் ஏற்றவை. அவை ஓரிரு ஆண்டுகளில் எழுந்து, ஒரு தலைமுறைக்குள் தேய்ந்து போகின்றன. அக்குறுகிய வாழ்நாளுக்குள் பலரும் பல நோக்கங்களுடன் அவற்றைப் படமாக வரைந்துள்ளனர்.

பாலை என்னும் சொல்லைக் குறித்து ஒன்று கூறவேண்டும். டூம்ஸ்டோன் மணற்கடல் அன்று. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,500 அடி உயரத்தில், முட்புதர் மண்டிய வறண்ட மேட்டுநிலம் அது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்னும் சிலப்பதிகாரக் கருத்து, மணலைவிட நிலையையே பாலையின் இலக்கணமாக்குகிறது. அப்பொருளிலேயே இங்கு அச்சொல் ஆளப்படுகிறது. சுரங்கக் குழிகளுக்கு முட்டுக்கொடுக்கவும் வீடு கட்டவும் அயல் மலைகளின் மரங்கள் வெட்டப்பட்டதை நினைத்தால், திரிந்த நிலம் என்னும் பெயர் இன்னும் பொருந்துகிறது.

ஊரும் பெயரும்

1877இல் எட் ஷீஃபெலின் என்பார் அப்பாச்சி மக்களின் நிலமாக இருந்த இப்பகுதியில் தனியே வெள்ளி தேடிச் சென்றார். அங்கு உனக்குக் கிடைக்கப்போவது உன் கல்லறைக் கல் மட்டுமே என்று பிறர் எள்ளியதாகவும், அதனாலேயே தாம் கண்ட தாதுநிலத்துக்கு அவர் டூம்ஸ்டோன், அதாவது கல்லறைக் கல், என்று பெயரிட்டதாகவும் வழங்கிவருகிறது. ஊரின் செய்தித்தாளுக்குக் கல்லறை வாசகம் எனப் பொருள்படும் எபிடாஃப் என்னும் பெயர் 1880இல் வந்தது. இவ்வாறு பெயரிலேயே சாவைச் சுமந்த ஊரின் தெருப்பெயர்கள் வேறொரு கதையைச் சொல்கின்றன. டஃப்நட் தெரு ஒரு சுரங்கத்தின் பெயரைத் தாங்கியது. ஃப்ரீமாண்ட் தெரு அப்போதைய ஆளுநரின் பெயராலும், சாஃபோர்ட் தெரு அவருக்கு முன்பிருந்த ஆளுநரின் பெயராலும் அமைந்தவை. சாஃபோர்ட் ஷீஃபெலின் குழுவினரின் சுரங்க முயற்சியில் பங்குகொண்டவருமாவார். முதலும் ஆட்சியும் தாதுவும் தெருப்பெயர்களாகிவிட்டன. அந்நிலத்தை அதற்கு முன் அறிந்திருந்த அப்பாச்சி மக்கள் இட்ட பெயர் எதுவும் அத்தெருக்களில் இடம்பெறவில்லை.

மனையும் சுரங்க உரிமையும்

ஊரின் முதற்படம் 1879 மார்ச்சில் சாலமன் அல்லிஸ் என்னும் நில அளவையர் அளந்து வகுத்த மனைப்பிரிவுப் படம். நேர்கோட்டுத் தெருக்களும் எண்ணிட்ட குறுக்குத் தெருக்களும் ஒரே அளவான மனைகளும் கொண்டது அது. மேட்டையும் பள்ளத்தையும் பொருட்படுத்தாத அக்கட்டங்களில் அன்று நின்றவை பெரும்பாலும் கூடாரங்களும் பலகைக் குடில்களுமே. எனவே அப்படத்தை 1879இன் ஊர் என்று வாசித்தால் இல்லாத ஊரையே வாசித்தவராவோம். விற்பனைக்கு வைக்கப்பட்ட எதிர்காலத்தின் படம் அது. நம் நகரங்களின் புறத்தே வெற்று நிலத்தில் கற்கள் நட்டு அச்சிடப்படும் மனைப்பிரிவுத் தாள்களைக் கண்டவர்க்கு இதனை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

இதற்கு மாறானது சுரங்க உரிமைப் படம். கெலஹர், பீல் ஆகிய இருவரும் 1881இல் வெளியிட்ட டூம்ஸ்டோன் சுரங்க வட்டாரப் படம் இவ்வகைக்குச் சிறந்த சான்று. 1872ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுரங்கச் சட்டம் தாதுப்படிவின் நெடுகே 1,500 அடி நீளமும் 600 அடி அகலமும் மிகாத நிலத்தை ஒருவர் உரிமை கொண்டாட இடமளித்தது. தாதுவின் போக்கை ஒட்டிக் கிடத்தப்பட்ட இந்நீள்சதுரங்கள் சாய்ந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் கிடப்பவை. மனைப்பிரிவுப் படத்தின் ஒழுங்கான கட்டங்களும் இச்சாய்ந்த சதுரங்களும் ஒரே மண்ணின்மேல் வரையப்பட்டவை. (பீல் அடுத்த ஆண்டே, 1882 மார்ச்சில், சார்ல்ஸ்டன் அருகே சுரங்க நிறுவன அலுவலகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். நில அளவை அமைதியான தொழிலாக இல்லாத காலம் அது.)

இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும்போது வெளிப்படுவது ஒரு வழக்கு. ஊர்மனைச் சட்டத்தின்படி, குடியிருப்போர் சார்பில் நிலத்தைப் பொறுப்பேற்க வேண்டியவர் ஊரின் மேயர். 1880இல் மேயராயிருந்த ஆல்டர் ராண்டல் மனைகளை ஊர்மனை நிறுவனத்துக்கே எழுதிக் கொடுத்தார். வீடு கட்டி வாழ்ந்தவர்கள் தம் மனைக்கு மீண்டும் விலை கொடுக்க வேண்டுமென நிறுவனம் கேட்டது. தெருவின்கீழ்த் தம் உரிமைநிலம் செல்வதாகச் சுரங்கக்காரர் சிலர் மற்றொரு புறத்தில் வாதிட்டனர். எபிடாஃப் இதழை நிறுவிய ஜான் கிளம், ஊர்மனை நிறுவனத்தை எதிர்த்து நின்று 1881 ஜனவரியில் மேயரானார். இப்பூசலை எந்தத் தனிப்படமும் காட்டவில்லை. ஒவ்வொன்றும் தன் உரிமையை மட்டும் ஐயமின்றி வரைகிறது. பட்டாவும் புலப்படமும் ஒத்துவராத நிலத்தில் நிற்பவரின் நிலையே அன்று அவ்வூராரின் நிலை. படங்களின் முரணைப் பிழையெனத் திருத்திவிடும் ஆய்வாளர் அந்நிலையையே இழந்துவிடுகிறார்.

இவ்விடத்தில் ஒரு சிறு நுட்பம் பயன்படும். கோச்சீஸ் மாவட்டம் பீமா மாவட்டத்திலிருந்து 1881 பிப்ரவரியில் பிரிக்கப்பட்டது. ஆகவே நாளிடப்படாத படமொன்று டூம்ஸ்டோனைப் பீமாவுக்கு உரியதாகக் குறித்தால் அதன் அளவைப்பணி அந்நாளுக்கு முற்பட்டது என ஊகிக்கலாம். இதுவும் ஊகமே, பழைய அச்சுத்தகட்டைத் திருத்தாமல் மறுபதிப்புச் செய்த பதிப்பாளர் அன்றும் இருந்தனர்.

தீயை எதிர்நோக்கிய படம்

1867இல் டி. ஏ. சான்பார்ன் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம், காப்பீட்டு நிறுவனங்களின் பயன்பாட்டுக்காக அமெரிக்க ஊர்களைக் கட்டடம் கட்டடமாக வரைந்தது. ஓர் அங்குலத்துக்கு 50 அடி என்பது அதன் வழக்கமான அளவு. கட்டடம் எதனால் ஆனது என்பதை வண்ணம் சொல்லும்: செங்கல்லுக்கு இளஞ்சிவப்பு, மரத்துக்கு மஞ்சள், கல்லுக்கு நீலம். மாடிகளின் எண்ணிக்கை, கூரையின் தன்மை, சுவரின் திறப்புகள், நீர்க்குழாய், தீயணைப்பு வசதி ஆகியவையும் தாளில் உண்டு. குடியிருப்பு, கடை, மதுக்கூடம் ஆகியவை சுருக்கெழுத்துகளால் குறிக்கப்பட்டன. டூம்ஸ்டோனுக்கு 1882, 1886 ஆண்டுகளின் படங்களும் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டைச் சார்ந்த படங்களும் உள்ளன.

இவற்றின் துல்லியம் வியக்கத்தக்கது. 1881 அக்டோபர் 26இல் நிகழ்ந்த, பின்னாளில் திரைப்படங்களால் உலகறிந்த துப்பாக்கிச் சண்டை ஓகே கொரால் என்னும் குதிரைத் தொழுவத்தில் நடந்ததாகவே சொல்லப்பட்டு வருகிறது. மனைகளை ஒப்பிட்டு நோக்கினால் அது தொழுவத்தின் பின்வாயிலுக்கு மேற்கே, ஃப்ரீமாண்ட் தெருவை ஒட்டி, ஃப்ளை என்பாரின் ஒளிப்படக்கூடத்துக்கு அருகிலிருந்த குறுகிய வெற்றுமனையில் நடந்தது என்பது தெளிவாகும். புகழ்பெற்ற பெயரை மனைக்கணக்கு திருத்துகிறது.

ஆயினும் தீயை எண்ணி வரையப்பட்ட படம் தீயைக்கொண்டே வாசிக்கப்பட வேண்டும். 1881 ஜூனில் மதுக்கூடம் ஒன்றில் மதுப்பீப்பாயருகே பற்றிய நெருப்பு அறுபதுக்கு மேற்பட்ட வணிக நிலையங்களை அழித்தது. ஓராண்டு நிறைவதற்குள், 1882 மேயில், இரண்டாம் தீ வணிகப் பகுதியின் பெரும்பகுதியை மீண்டும் கொண்டுபோயிற்று. 1882இன் சான்பார்ன் படம் அதே கோடையைச் சார்ந்தது. அதில் காணும் ஒரு வெற்றுமனை ஒருபோதும் கட்டப்படாத மனையாகவோ, எரிந்துபோன மனையாகவோ, மறுபடி கட்டத் தொடங்கி நிற்கும் மனையாகவோ இருக்கலாம். அதனை 1886இன் படத்தோடு ஒப்பிட்டு, நான்காண்டுகளில் ஊர் விரிந்தது என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் மீட்சியை வளர்ச்சியாகப் பிழைபடக் கணக்கிடுவதாகும் அது. இருந்த இடத்துக்குத் திரும்பி வந்ததையும் புதிய இடத்துக்குச் சென்றதையும் பிரித்தறிய, தீக்கு முந்தைய செய்தித்தாளும் வரிப்பதிவும் துணைவேண்டும்.

இன்றைய நிலப்பரப்போடு இத்தாள்களைப் பொருத்தும் பணியில் இக்கட்டுரையாளர் செய்த பிழை ஒன்றையும் பதிவுசெய்வது பிறர்க்குப் பயன்படக்கூடும். கணினியில் படத்தை நிலைநிறுத்தத் தெருச்சந்திகளைப் பொருத்துப்புள்ளிகளாகக் கொண்டபோது எல்லாம் அழகாகப் பொருந்தின. படம் முழுவதும் ஒரு தெரு தள்ளிக் கிடந்தது. ஒரே அளவான கட்டங்களில் ஒவ்வொரு சந்தியும் அடுத்த சந்தியைப் போன்றதே. பிழையளவுக் கணக்கு அதனைக் காட்டாது. 1882இல் கட்டப்பட்டு இன்றும் நிற்கும் செங்கல் நீதிமன்றம், ஃப்ரீமாண்ட் தெருவிலுள்ள சுடாத மண்கல்லாலான ஷீஃபெலின் மன்றம் ஆகியவற்றின் மூலைகளைப் பொருத்துப்புள்ளிகளாகக் கொண்ட பின்னரே படம் தன் இடத்தில் அமர்ந்தது.

பெயரற்றோர்

மேற்கு அமெரிக்க ஊர்களின் சான்பார்ன் படங்களில் உரிமையாளரும் வணிகரும் சில இடங்களில் பெயரால் குறிக்கப்படுவர். சீனர் வாழ்ந்த கட்டடமோ இனப்பெயரால் மட்டும் குறிக்கப்படும். பாலியல் தொழில் நடந்த வீடு 'பெண்கள் விடுதி' எனப் பொருள்படும் இடக்கரடக்கலால் சுட்டப்படும். டூம்ஸ்டோனில் மூன்றாம் தெருவையொட்டிச் சீனர் குடியிருப்பு இருந்தது. சலவையும் உணவகமும் காய்கறித் தோட்டமும் அவர்கள் தொழில். காப்பீட்டாளரின் பார்வையில் அங்கு வாழ்ந்தவர் யார் என்பது பொருட்டன்று. எந்தக் கூரையின்கீழ் எவ்வளவு ஆபத்து என்பதே பொருட்டு. இனப்பெயரும் அவ்வாபத்தின் குறியீடாகவே தாளில் இடம்பெற்றது. எனவே இப்படங்களைக் கொண்டு 'சீனர் பகுதியின் பரப்பு' என்று நிறம்தீட்டும் ஆய்வுகள், தம்மையறியாமல் காப்பீட்டாளரின் அச்சத்தையே மறுபடி வரைகின்றன எனலாம். குறியீடு இல்லாத வீடுகளில் சமையற்காரராகவும் பணியாளராகவும் வாழ்ந்த சீனர் அப்பரப்புக்குள் வருவதில்லை.

நீர் இரண்டு

டூம்ஸ்டோனில் தாது இருந்தது. அதனை இடித்து வெள்ளி பிரிக்கும் அளவுக்கு நீர் இல்லை. ஆலைகள் மேற்கே பல மைல் தொலைவில் சான் பெட்ரோ ஆற்றங்கரையில் நிறுவப்பட்டன. சார்ல்ஸ்டன், மில்வில், கன்டென்ஷன் ஆகிய ஆலையூர்கள் அவ்வாறு எழுந்தவை. கோவேறு கழுதைகள் இழுத்த வண்டிகளில் தாது ஆற்றுக்குச் சென்றது. ஆகவே பொருளியல் நோக்கில் ஒரே குடியிருப்பாக இயங்கியது, டூம்ஸ்டோன் படத்தாளின் விளிம்பில் வெட்டுண்டு போகிறது. ஊர்ப்படத்தை மட்டும் கொண்டு ஊரின் மாற்றத்தை ஆராய்வோர் பாதி ஊரையே ஆராய்கின்றனர்.

குடிநீருக்கும் தீயணைப்புக்கும் வேறுவழி காணப்பட்டது. வாச்சூக்கா மலையிலிருந்து இருபது மைலுக்கு மேற்பட்ட தொலைவு இரும்புக்குழாய் பதித்து 1882இல் நீர் கொண்டுவரப்பட்டது. இந்நீருக்குச் சான்பார்ன் தாளில் மதிப்பு மிகுதி. குழாயும் தீயணைப்பு நீர்முனையும் காப்பீட்டுக் கட்டணத்தைத் தீர்மானிப்பவை.

ஊரின் விதியைத் தீர்மானித்த நீரோ வேறு. 1881 மார்ச்சில் சல்ஃப்யூரெட் சுரங்கத்தில் 520 அடி ஆழத்தில் நீர் தட்டுப்பட்டது. அதனைக் கண்டு மகிழ்ந்தோரும் உண்டு. ஆலைகளை இனி ஊரிலேயே நிறுவலாம் அன்றோ! ஆனால் குழிகள் ஆழமாக ஆழமாக நீர் இடைவிடாது ஊறியது. கிராண்ட் சென்ட்ரல், கன்டென்ஷன் சுரங்கங்கள் பேரெக்கிகளை நிறுவி இரவுபகலாக இறைத்தன. ஒரு குழியில் இறைத்தால் அயற்குழியும் வறண்டது; இறைக்காதவர் இறைப்பவரின் செலவில் ஆதாயம் பெற்றனர். 1886 மேயில் கிராண்ட் சென்ட்ரலின் எந்திரக்கூடமும் எக்கியும் தீக்கிரையாயின. இறைப்பு நின்றது, நீர் ஏறியது, ஆழ்சுரங்கப்பணி முடிந்தது. நீரின்மையோடு போராடிப் பிறந்த ஊர் நீர்மிகுதியால் வீழ்ந்தது.

இந்நிகழ்வின் சுவடு 1886இன் ஊர்ப்படத்தில் இல்லை, இருக்கவும் இயலாது. எந்திரக்கூடம் எரிந்த மறுநாளும் ஆலன் தெருவின் கடைகள் அங்கேயே நின்றன. தன் வாழ்வாதாரத்தை இழந்த ஆண்டின் ஊர், தாளில் முழுமையான ஊராகவே தோன்றுகிறது. மேற்பரப்புப் படத்தில் குழாய்நீர் உண்டு, நிலத்தடிநீர் இல்லை. சுரங்கத்தின் செங்குத்து வெட்டுப்படத்தில் நீர்மட்டம் குறிக்கப்படும், தெருக்கள் இடம்பெறா. இரண்டு நீரையும் ஒருசேரக் காட்டும் படம் எவருக்கும் தேவைப்படவில்லை. ஒருவரது உரிமையும் அவ்விரண்டையும் தழுவியதாக இல்லாமையே காரணம்.

கட்டடம் மக்களைவிட மெதுவாகவே மறைகிறது என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். வறண்ட காற்றில் மரம் மக்குவதில்லை. ஆளில்லாத வீடு பல்லாண்டுகள் நிற்கும். சான்பார்ன் அளவையர் காலிக்கட்டடத்தைத் தனிக்குறியால் சுட்டுவர் என்பதால், அக்குறிகளை எண்ணுவது கட்டடங்களை எண்ணுவதைவிடப் பயன்தரும். மறுதலையாக, மறைந்த கட்டடமெல்லாம் அழிந்ததும் ஆகாது. மரம் அரிதான நிலத்தில் பலகையும் விற்பனைப்பொருளே. நெவாடாவின் ரையோலைட் என்னும் பொற்சுரங்க ஊர் 1910இல் 675 மக்களோடும் 1920இல் 14 பேரோடும் கணக்கிடப்பட்டது. அதன் தொழிற்சங்கக் கட்டடம் அயலூரான பீட்டிக்குப் பெயர்த்துச் செல்லப்பட்டு அங்கு ஊர்மன்றமாயிற்று. ரையோலைட் படத்தில் இழப்பாகத் தெரிவது பீட்டியின் படத்தில் வரவு.

டூம்ஸ்டோனின் உச்ச மக்கள்தொகையை ஏழாயிரம் என்பாரும் பதினைந்தாயிரம் என்பாரும் உளர். அரசின் கணக்கெடுப்பில் 1890இல் 1,875, 1900இல் 646, 1910இல் 1,582. முதலையும் ஈற்றையும் மட்டும் நோக்கினால் மெல்லத் தேய்ந்த ஊர்போல் தோன்றும். நடு எண் அத்தோற்றத்தை உடைக்கிறது. 1901இல் சுரங்கங்கள் ஒரே நிறுவனத்தின்கீழ் ஒருங்கிணைக்கப்பட்டுப் புதிய எக்கிகள் நிறுவப்பட்டன, 1903இல் இருப்புப்பாதை வந்தது, மக்கள் திரும்பினர். புதிய நூற்றாண்டின் சான்பார்ன் படங்கள் இம்மீட்சிக் காலத்தில் வரையப்பட்டவை. காப்பீடு செய்யத்தக்க சொத்து இருக்கும்போதுதான் அளவையர் ஊருக்கு வருவார். ஊர் மிகத் தாழ்ந்திருந்த ஆண்டுகளில் அவரை அனுப்ப எந்த நிறுவனத்துக்கும் காரணமில்லை. இத்தொகுப்பில் படமில்லாத ஆண்டுகளை ஆய்வாளர் தாண்டிச் செல்லலாகாது. அவையே 646 பேரின் ஆண்டுகள். 1909இல் எக்கிகள் மீண்டும் செயலிழந்தன. நிறுவனம் 1911இல் நொடித்தது. 1929இன் வாக்கெடுப்பில் மாவட்டத் தலைநகர்த் தகுதியும் செம்புச் சுரங்க ஊரான பிஸ்பிக்குப் போயிற்று. 1909இல் ஏறத் தொடங்கிய நீரின் மட்டத்தை அறியச் சுரங்கப் பொறியாளரின் வெட்டுப்படங்களையே நாடவேண்டும்.